எட்டாவது இருக்கை

எங்கள் அலுவலகத்தில் அப்போது ஒரு வேலி இருந்தது. ஆளுயர இரும்பு அலமாரிகள் ஒன்பதைக் கூடத்தின் நடுவே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அதைத்தான் வேலி என்போம். கிழக்குப் பக்கம் சிப் வரைகிறவர்கள். மேற்குப் பக்கம், அவர்கள் வரைந்ததில் பிழை தேடுகிற நாங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே தேநீர் இயந்திரம், ஒரே கழிவறை. ஆனால் வேலை பற்றிய பேச்சு மட்டும் வேலியைத் தாண்டக் கூடாது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். காரணம் இருந்தது. ஒரு சிப் என்ன செய்ய வேண்டும் என்று முந்நூறு பக்கத்தில் ஓர் ஆவணம் இருக்கும். கிழக்கு அதைப் படித்து சிப்பை வரையும். மேற்கு அதே ஆவணத்தைத் தனியாகப் படித்து, சிப் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று கணினியில் ஒரு மாதிரி எழுதி வைக்கும். பிறகு இரண்டையும் மோதவிட்டுக் கோடிக்கணக்கான முறை ஓட்டுவோம். எங்காவது விடை மாறினால் இருவரில் ஒருவர் தப்பாகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம். இருவரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே தப்பைச் செய்தால் எத்தனை கோடி முறை ஓட்டினாலும் இயந்திரம் "சரி, சரி" என்றுதான் சொல்லும்.

அதனால் சந்தேகம் வந்தால் சக ஊழியரைக் கேட்கக் கூடாது. ஐந்தாவது அலமாரியின் தலையில் நீள நோட்டு ஒன்று கிடக்கும், நூலில் கட்டிய பேனாவோடு. அதில் கேள்வியை எழுத வேண்டும். ஆவணத்தை எழுதியவர் மறுநாள் காலையில் வந்து அதன் கீழே பதில் எழுதுவார். இரண்டு பக்கமும் படித்துக்கொள்ளும். அந்த நூல் அறுந்து அறுந்து, நான் சேர்ந்தபோது ஏழு முடிச்சு போட்டிருந்தது.

எனக்கு இந்த விதி புதிதாகத் தோன்றவில்லை. என் அப்பா கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறவர், அம்மா சாந்துச் சட்டி சுமந்தவள். காங்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், கம்பியைப் பார்க்க வேறொரு மேஸ்திரி வருவார். அப்பாவுக்கு அன்றைக்கு முகம் கடுகடுவென்று இருக்கும். தான் கட்டியதை இன்னொருத்தன் வந்து உதைத்துப் பார்ப்பதா என்று சோறு இறங்காது. அம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்தபடி சொல்வாள், "கட்டினவன் கண்ணுக்குக் கட்டு நேராத்தான் தெரியும்." காங்கிரீட் விழுந்த பிறகு கம்பி உள்ளே வளைந்திருக்கிறதா என்று கடவுளுக்கும் தெரியாது. சிப்பும் அதே கதைதான். வரைபடத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால் நான்கு மாதம் கழித்துப் பொருளாக வரும். அதற்குள் கை விட்டு எதையும் திருத்த முடியாது.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அதை மீறினேன்.

எங்கள் வேலையிடம் நகரத்தின் கடைசியில், கிடங்குகளைத் தாண்டி இருந்தது. ஒரே ஒரு பேருந்து, முக்கால் மணி நேரம். கிழக்குப் பக்கத்து ஆள் ஒருவன் எனக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் ஏறி, பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைப்பான். எல்லோரும் அவனை நெட்டை என்பார்கள். பேருந்தில் நின்றால் தலை கூரையில் இடிக்கும், அதனாலேயே அவனுக்கு இருக்கை முக்கியம். எனக்கு வைத்த பெயர் நோண்டி. எதையும் நோண்டிக்கொண்டே இருப்பேன் என்று வைத்தது. எங்கள் வேலைக்கு அது பட்டம் மாதிரி.

மூன்று வருஷம் அப்படிப் போனோம். காதல் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ளாமல் இருந்தது என்றும் சொல்லலாம். நெட்டைக்கு ஒரு பழக்கம். எதைச் சொன்னாலும் முடிவில், "அப்படீன்னு நினைக்கிறேன், தப்பாவும் இருக்கலாம்" என்று சேர்த்துக்கொள்வான். மழை வரும் என்பான், தப்பாவும் இருக்கலாம் என்பான். உனக்கு இந்த நிறம் நன்றாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னான். அதற்கும் அதே வால். நான் ஒரு வாரம் அந்தச் சட்டையைப் போடவில்லை.

அந்த வருஷம் நாங்கள் செய்துகொண்டிருந்த சிப், மருத்துவமனைக் கட்டில் பக்கத்தில் நின்று நாடித்துடிப்பைக் காட்டுகிற கருவிக்குள் போக வேண்டியது. அதற்குள் ஒரு வரிசை உண்டு. உடம்பிலிருந்து வரும் ஒவ்வொரு துடிப்பின் அளவும் அந்த வரிசையில் வந்து உட்காரும். எட்டு இருக்கை. முன்னால் இருப்பதை, திரையில் காட்டுகிற பகுதி எடுத்துக்கொள்ளும்; அதைத் திரைப்பகுதி என்போம். எட்டும் நிரம்பியிருந்தால் புதிது வெளியே காத்திருக்க வேண்டும், முன்னால் இருப்பது எழுந்து போகும் வரை. இதை ஆவணத்தின் முப்பத்தெட்டாம் பக்கம் சொன்னது. நெட்டை வரைந்தது அந்த வரிசையைத்தான். அவன் வரைந்ததைச் சோதிக்க வேண்டியவள் நான்.

வேறெங்கோ, தொண்ணூறாம் பக்கத்தில் இன்னொரு செய்தி இருந்தது. திரைப்பகுதி எடுத்துக்கொண்டது கெட்டுப்போயிருந்தால், "அதையே இன்னொரு முறை கொடு" என்று ஒருமுறை திரும்பிக் கேட்கலாம்.

தொண்ணூறாம் பக்கத்தைப் படித்த அன்றைக்கே எனக்கு உறுத்தியது. எழுந்து போனதைத் திரும்பிக் கேட்டால், அதன் இடத்தில் அதற்குள் புதிது உட்கார்ந்திருக்காதா? நோட்டில் எழுத வேண்டிய கேள்வி. மாலை ஆறு மணி, பேருந்துக்கு நேரமாகிவிட்டது. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று ஓடினேன்.

பேருந்தில் நெட்டையிடம் வாயைத் திறந்துவிட்டேன். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் ஒரு பெரியம்மா எழுந்து கதவுப் பக்கம் போனாள். ஒரு பையன் அவள் இடத்தில் சட்டென்று உட்கார்ந்தான். அதைக் கண்ணால் காட்டினான் நெட்டை.

"எழுந்துட்டா அந்த சீட்டு காலிதானே? அப்படித்தான் வரைஞ்சிருக்கேன். நிரம்பியிருக்கும்போது யாரும் திரும்பிக் கேக்க மாட்டாங்க. அப்படீன்னு நினைக்கிறேன், தப்பாவும் இருக்கலாம்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்தது என்பதா, அவன் சொன்னதால் நியாயமாக இருந்தது என்பதா, இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அந்தப் பெரியம்மா தன் நிறுத்தம் இன்னும் வரவில்லை என்று திரும்பி வந்தாள். உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். இருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் என் மாதிரியை அவன் சொன்னபடியே எழுதினேன். நோட்டில் எதுவும் எழுதவில்லை. இரண்டையும் மோதவிட்டு ஐந்து வாரம் ஓட்டினோம். ஒரு விடைகூட மாறவில்லை. பரீட்சை எழுதியவனும் திருத்தியவளும் ஒரே தாளைக் காப்பியடித்தால் நூற்றுக்கு நூறுதானே. வரைபடம் தொழிற்சாலைக்குப் போனது. சுவரில் எழுதியிருந்த மீதி நாள் எண்ணிக்கையை மேலாளர் துணியால் துடைத்தார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

நான்கு மாதம் கழித்துச் சிப்புகள் வந்தன. தரைத்தளத்து ஆய்வுக்கூடத்தில் அவற்றைப் பலகையில் பற்றவைத்து உயிர் கொடுப்பவர் சால்டர் அக்கா. வாயில் எப்போதும் ஏதாவது மெல்லுவார், மூக்கில் எப்போதும் ஈயப்புகை. பொய்யாகத் துடிப்பு அனுப்புகிற ஒரு பெட்டியைச் சிப்போடு இணைத்து, அதற்கு நோயாளி என்று பெயர் வைத்திருந்தார். காலையில் வந்ததும் நோயாளியை நலம் விசாரிப்பார். மூன்றாம் நாள் மாடிக்கு ஏறி வந்து என் மேசையில் கையை ஊன்றினார்.

"உன் நோயாளிக்கு நேத்து ஒரு துடிப்பைக் காணோம்டி. நீ எடுத்தியா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு லட்சத்துச் சொச்சம் துடிப்பு அனுப்பியதில் ஒன்று இல்லை. அதற்குப் பதிலாகப் பின்னால் வர வேண்டிய ஒன்று இரண்டு முறை இருந்தது. மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு மறுநாள் மறுபடி ஒன்று காணாமல் போனது.

அடிக்கடி வருகிற தப்பைப் பிடிப்பது சுலபம். இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது இருக்கிறதே, அது எலி மாதிரி. கிழக்கு, மேற்கு என்று பாராமல் ஆறு பேர் ஆய்வுக்கூடத்தில் காவல் உட்கார்ந்தோம். பதினோராவது நாள் அது நடந்த கணத்தைச் சால்டர் அக்கா கருவியில் பிடித்துக் கொடுத்தார். அதை எடுத்துப் போய் என் மாதிரியில் அப்படியே ஓட்டினேன். எட்டும் நிரம்பியிருக்கிறது. முன்னால் இருப்பது எழுகிறது. புதிது அதே நொடியில் அந்த இடத்தில் உட்காருகிறது. திரைப்பகுதி, "அதையே இன்னொரு முறை கொடு" என்கிறது. சிப் புதியதை எடுத்துக் கொடுக்கிறது.

என் மாதிரி, "சரி" என்றது.

பெரியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது அப்போதுதான் கண்ணில் வந்தது.

புதன்கிழமை மேலாளர் எல்லோரையும் உட்கார வைத்தார். ஆவணத்தை எழுதியவரும் வந்திருந்தார். அவரைப் பக்கம் சார் என்போம். எதைக் கேட்டாலும் பக்க எண்ணைத்தான் பதிலாகச் சொல்வார். மின்விசிறி ஓடவில்லை என்றாலும் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவார் என்பது சால்டர் அக்காவின் கேலி. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. நோட்டைக் கையோடு எடுத்து வந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க முதல் தாளிலிருந்து புரட்டினார். இருநூற்றுச் சொச்சம் கேள்விகள். வரிசையைப் பற்றி நான்கு. நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இல்லை. மூடி வைத்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு பேர், வேலிக்கு ரெண்டு பக்கம், தனித்தனியாப் படிச்சிருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே தப்பைப் பண்ணியிருக்காங்க. அப்போ தப்பு படிச்சவங்க மேல இல்ல. ஒண்ணை முப்பத்தெட்டுலயும் இன்னொண்ணைத் தொண்ணூறுலயும் எழுதினவன் மேல."

அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. தனித்தனியாகப் படித்திருந்தால் அதுதான் உண்மை. நான் மேசையைப் பார்த்தேன். நெட்டையும் மேசையைத்தான் பார்த்திருப்பான், எனக்குத் தெரியாது, தலையைத் தூக்கவில்லை.

அன்று மாலைப் பேருந்தில் அவனிடம் சொன்னேன், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. அடுத்த சிப்புக்கு அவனைத் தலைவனாகப் போடுவதாகப் பேச்சு இருந்தது. வீட்டில் தங்கைக்குக்கூடச் சொல்லிவிட்டான். பக்கம் சார் ஓய்வு பெற்றுப் போகப் போகிறவர், நமக்கு முப்பது வருஷம் இருக்கிறது என்றான். ஒரு வரி தப்பென்று எழுதிவிட்டுப் போனால் அவருக்கு என்ன குறைந்துவிடும் என்றான். பிறகு அவனுக்கே அது பிடிக்கவில்லை போலும்.

"திங்கக்கிழமை வரைக்கும் பொறு. நானே போய் சொல்றேன். வரைஞ்சவன் நான், நான்தான் சொல்லணும்."

இந்தத் தடவை வால் சேர்க்கவில்லை. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை அவன் விடுப்பு. தங்கையைக் கல்லூரியில் விடப் போயிருந்தான். மதியம் சாப்பாட்டு இடைவேளையில் சால்டர் அக்கா சொன்னார், பக்கம் சார் அறிக்கையை முடித்துவிட்டாராம், நாலு மணிக்குக் கருவி செய்கிற நிறுவனத்துக்குப் போகிறதாம். இனி ஆவணம் எழுதும் வேலை தனக்கு வேண்டாம், புதிதாக யாரையாவது போடுங்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறாராம்.

நெட்டைக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. செய்தால் பொறு என்பான், நானும் பொறுத்துவிடுவேன் என்று தெரியும்.

மூன்றே காலுக்கு அவர் அறைக்குப் போனேன். அச்சு இயந்திரத்திலிருந்து சூடாக வந்த தாள்களை அவர் மேசையில் தட்டி ஓரம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நாங்க தனித்தனியாப் படிக்கல."

அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. ஓரம் நன்றாகச் சேர்ந்த பிறகுதான் கீழே வைத்தார்.

"எங்க பேசினீங்க?"

"பஸ்ல."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு ஸ்டாப் வர்ற நேரம் இருக்கும் சார்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் எழுந்து வெளியே போனார். ஐந்தாவது அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். நூல் அறுந்து பேனாவும் கூடவே வந்திருந்தது. கேள்வியை எழுதச் சொன்னார். எந்தத் தேதி போடுவது என்று கேட்டேன். "இன்னிக்குத் தேதிதாம்மா. இன்னிக்குத்தானே கேக்கற" என்றார். எழுதினேன். எழுந்து போனதைத் திரும்பிக் கேட்டால் அதன் இடம் அதற்கே இருக்க வேண்டுமா? அவர் கீழே எழுதினார்: ஆம். பக்கம் 90. கையெழுத்துப் போட்டார். அறுந்த நூலை நோட்டுக்குள் வைத்து மூடினார்.

பிறகு அறிக்கையைத் திருத்தினார். என்னைக் காப்பாற்றவும் இல்லை, மிகைப்படுத்தவும் இல்லை. வேலியின் இரு பக்கத்தாரும் ஆவணத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசியிருக்கிறார்கள், கேள்வி நோட்டுக்கு வரவில்லை என்று இரண்டே வாக்கியம். தொண்ணூறாம் பக்கத்துச் செய்தி முப்பத்தெட்டாம் பக்கத்திலும் இருந்திருக்க வேண்டும் என்று மூன்றாவதாகவும் ஒன்று எழுதினார். அது தன் பங்கு என்றார். ஆவணம் எழுத மாட்டேன் என்ற வரியை அடித்தார்.

திங்கட்கிழமை காலை பேருந்தில் ஏறினேன். நெட்டை வழக்கமான இடத்தில் இருந்தான். பக்கத்தில் பை இருந்தது. சனிக்கிழமையே மேலாளர் அவனுக்குப் போன் செய்து கேட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. நான் போய் நின்றேன். அவன் பையை எடுக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிடங்குகள் வந்தபோதுதான் பேசினான், என்னைப் பார்க்காமல்.

"நான் சொல்லியிருப்பேன். இனிமே அது யாருக்கும் தெரியப்போறதில்ல. எனக்கும்தான்."

வெள்ளிக்கிழமையே அறிக்கை போவதாக இருந்தது, அதனால்தான் பொறுக்கவில்லை என்று சொன்னேன். தெரியும் என்றான். எப்போது தெரியும் என்று கேட்க வாய் வரவில்லை.

அடுத்து நடந்தது பெரிய கதை இல்லை. தலைமை வேறொருவருக்குப் போனது. நெட்டையைப் பின்னாலிருந்த கட்டடத்துக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் வேறு நிறுவனம், வேறு ஊர். நான் எழுதியிருந்த மாதிரிகள் எல்லாவற்றையும் இன்னொருத்தி முதலிலிருந்து எழுதினாள். சோதித்தது சரி என்று கையெழுத்துப் போடும் உரிமை எட்டு மாதம் எனக்கு இல்லை. சால்டர் அக்கா மட்டும் பழையபடி மாடியேறி வந்து மேசையில் கை ஊன்றுவார். சிப்பைத் தூக்கிப் போட வேண்டியிருக்கவில்லை. வரிசையில் ஏழு இருக்கையை மட்டும் நிரப்பு, ஒன்றைக் காலியாக விடு என்று மென்பொருளில் எழுதிச் சமாளித்தார்கள். எழுந்தவரின் இடத்தில் யாரும் உட்கார வேண்டிய அவசியம் வரவில்லை. அந்த முதல் ஆயிரம் கருவிகளில் எட்டாவது இருக்கை கடைசி வரை காலியாகவே ஓடியது. பேருந்தில் நானும் கொஞ்ச நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு போனேன். யாராவது முறைத்தால் எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

இப்போது வேலி இல்லை. அலமாரிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கிழக்கு ஓர் ஊரில், மேற்கு இன்னொரு ஊரில், சில சமயம் வேறு வேறு நிறுவனத்தில் இருக்கிறது. ஈயப்புகை வாசனை, தேநீர் இயந்திரத்தின் இருமல், சூடான தாளை மேசையில் தட்டும் சத்தம் எல்லாம் எனக்கு மட்டும் கேட்கிறது. ஆவணம் எழுதும் வேலை கடைசியில் என்னிடம்தான் வந்து சேர்ந்தது. நோட்டு கணினிக்குள் போய்விட்டது. கேட்பவர் பெயர் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். அந்த விதிக்காக நான்தான் சண்டை போட்டேன். பெயர் தெரிந்தால் பதில் சாயும்.

போன மாதம் அடுத்த சிப்புக்கான ஆவணத்தை அனுப்பினேன். அதை வரையப் போவது எங்கள் நிறுவனம் இல்லை, தூரத்தில் ஒன்று. கேள்விகள் வரத் தொடங்கின. இருநூற்றுப் பன்னிரண்டாவது கேள்வி இப்படி இருந்தது:

"பக்கம் 44-ன்படி வரிசை நிரம்பியிருந்தால் புதியது காத்திருக்கிறது. பக்கம் 117-ன்படி எடுத்ததைத் திரும்பிக் கேட்கலாம். ஆகவே ஒருவர் எழுந்து கதவு வரை போய்த் திரும்பி வந்தால் அவர் இருக்கை அவருக்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம்."

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என்னென்னவோ எழுதத் தோன்றியது. தலைமுடி நரைத்துவிட்டதா, தங்கை என்ன செய்கிறாள், அந்தத் திங்கட்கிழமை நிஜமாகவே சொல்லியிருப்பாயா. பதில் இரண்டு பக்கத்துக்கும் போகும், நூற்றைம்பது பேர் படிப்பார்கள். அதோடு, பக்கம் சார் தொண்ணூறிலிருந்து முப்பத்தெட்டுக்குக் கொண்டு வர மறந்த மாதிரியே நானும் அந்த இரண்டு செய்தியையும் இரண்டு மூலையில் எழுதி வைத்திருக்கிறேன் என்பதும் உறைத்தது.

"ஆம், அவருக்கே. பக்கம் 117. பக்கம் 44-லும் இதைச் சேர்க்கிறேன்" என்று எழுதினேன்.

மாலைக்குள் கேள்விக்கு எதிரே "தெளிந்தது" என்று குறித்திருந்தான்.

மறுநாள் காலை இன்னும் பதினேழு கேள்விகள் வந்திருந்தன. அதில் நான்கின் முடிவில் அந்த வால் இருந்தது. நான்குமே நல்ல கேள்விகள். ஒன்றுக்கு எனக்கே விடை தெரியவில்லை.